ஒரு கடகத்தில் எவ்வளவு கொள்ளும்: தரம் எட்டுடன் நெடுந்தீவுக்கு

சென்ற புரட்டாதியில், மழை தொடங்குவதற்கு முந்திய ஒரு சனிக்கிழமை, எங்கள் பாடசாலையின் தரம் எட்டு மாணவர்களுடன் நானும் நெடுந்தீவுக்குப் போய் வந்தேன். நான் அங்கே மாணவனும் இல்லை, ஆசிரியரும் இல்லை. எழுபத்தாறு வயது. வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றக் கிராமத்தில் வயலும் நான்கு மாடும் வைத்திருக்கிறேன். எழுத்து எனக்கு இரண்டு வருடப் பழக்கம்தான். வதனி ரீச்சர் பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் படித்தேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

பயணம் ரீச்சருடைய யோசனை. எங்கள் கிராமத்தில் பாதிப்பேர் தீவுகளிலிருந்து காணி பெற்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும். புத்தகத்தில் அதற்கு ஒரே வரி: காடு வெட்டிக் குடியேறினர். "அந்த ஒரு வரியைப் பிள்ளையள் ஒரு நாளாவது உடம்பாலை படிக்கட்டும்" என்றார் ரீச்சர். நாங்கள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்டபோது எனக்கு ஏழு வயது. அதனால் என்னையும் கூப்பிட்டார்.

நான் ஓம் என்று சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. என் அக்கா நெடுந்தீவில் தனியாக இருந்தார். நாங்கள் வன்னிக்குப் போனபோது, முதல் விளைச்சல் வரும்வரை என்று சொல்லி அவரை மாமியோடு விட்டுப் போனார்கள். முதல் விளைச்சலை யானை தின்றது. இரண்டாவது வெள்ளத்தில் போனது. அக்கா அங்கேயே பள்ளிக்கூடம் போய், கலியாணம் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, அவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, அத்தானையும் அடக்கம் செய்துவிட்டார். சென்ற வருடம் ஆடியில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாமல் நின்ற நாட்களில், காய்ச்சலில் தனியே கிடந்திருக்கிறார். எனக்குச் சங்கதி வந்தது அவர் எழும்பி நடந்த பிறகுதான். எங்களோடு வந்து இருக்கும்படி இரண்டு தரம் கேட்டுவிட்டேன். இரண்டு தரமும் ஒரே மறுமொழி: "நான் வந்தா கிணத்தை ஆர் பாக்கிறது? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அள்ளாட்டி அது கெட்டுப் போம்." இந்த முறையும் கேட்பது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

காலை நாலரைக்குப் புறப்பட்டோம். பஸ் வாடகை நாற்பத்தையாயிரம் ரூபா, சாரதியின் சாப்பாடு தவிர. யாழ்ப்பாணம் வரை அறுபத்தைந்து கிலோமீற்றர், அங்கிருந்து பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு இன்னும் முப்பது, முப்பத்தைந்து. விடிந்ததும் நான் பலகைகளை வாசிக்கத் தொடங்கினேன். அல்லைப்பிட்டி. வேலணை. சாட்டிக்குத் திரும்பும் வழி. முன்பெல்லாம் இந்த றோட்டில் கடலையும் பனையையும்தான் பார்த்துக்கொண்டு போனேன். இத்தனை பேர் இத்தனை விஷயங்களை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு மதிலில் "இங்கே குப்பை போடாதீர்கள்" என்று இருந்தது. அதைக்கூடச் சந்தோசமாக வாசித்தேன்.

"ஐயா இருக்கேக்கை எனக்குக் கண்ணாடியும் தேவையில்லை, வழியும் கேக்கத் தேவையில்லை" என்றார் சாரதி.

"தம்பி, நீர் றோட்டைப் பாரும். வாசிக்கிறதை நான் பாக்கிறன்."

குறிகட்டுவானில் ஏழேமுக்காலுக்கு இறங்கினோம். நயினாதீவுக்கும் இதே துறைதான். வரிசை மாறி நின்றால் நயினாதீவில்தான் இறங்குவீர்கள். நெடுந்தீவுக்கு அரச படகில் கட்டணம் இல்லை. கடல் ஒரு மணித்தியாலம். தலைச்சுற்று உள்ள பிள்ளைகளை நடுவில் இருத்துங்கள். வெறும் வயிற்றில் ஏற்றவேண்டாம்.

ரீச்சர் செய்த ஏற்பாட்டை ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும். மாணவர்களை எட்டுக் குடும்பமாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு கடகம், பனையோலையால் இழைத்த பெட்டி, கொடுத்திருந்தார். காட்டில் குடியேறப் போகிறீர்கள், இந்தக் கடகத்தில் கொள்வது மட்டும்தான் உங்களோடு வரும், அதற்கு மேல் ஒரு ஊசியும் இல்லை. இதுதான் சட்டம். வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வந்தார்கள். படகில் அவற்றை எட்டிப் பார்த்தேன். ஒன்றில் நூடில்ஸ் பக்கற், ஒன்றில் போன் சார்ஜர். ஒரு குடும்பம் கிரிக்கெற் பந்து கொண்டு வந்திருந்தது, துடுப்பு இல்லை. "துடுப்பைக் காட்டிலை வெட்டுவம்" என்றார்கள். துளசி என்ற பிள்ளையின் குடும்பம் இரும்பு வாளியும் நைலோன் கயிறும் வைத்திருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்தேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரும் ஏறினோம். நாள் வாடகை ஆறாயிரம். கோட்டை, குதிரைகள், பெருக்குமரம் எல்லாவற்றையும் பத்தரைக்குள் பார்த்து முடித்தோம். அவற்றைப் பற்றி நிறையப்பேர் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது கல்வேலிதான். கடற்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள், காணிக்குக் காணி. "வன்னிக்குப் போனாக்கள் வேலிக்கு என்ன செய்தவை?" என்று ரீச்சர் கேட்டார். "கல்லைக் கடகத்திலை கொண்டு போயிருப்பினம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அம்மா இரண்டு கல் கொண்டு வந்தது உண்மை. அம்மி ஆடாமல் இருக்க அண்டை கொடுக்கக் கல் வேண்டுமாம்.

பத்தரைக்கு அக்கா வீடு. வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது, முதுகு நேர்.

"இவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு என்னைத் தூக்கவோ வந்தனி?" என்றார் என்னிடம்.

"பாடம் படிக்க வந்தவை அக்கா."

"நீயும் அதுக்குத்தானே? சரி, வா."

பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். தீவில் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேல், பாலில் ஆடை போல மெல்லிதாக நிற்கும். கிணறு அதனால் ஆழமில்லை. அக்கா தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டைக்கு இரண்டு பாகக் கயிறு, பன்னிரண்டடி, போதும். பட்டையைச் சரித்து மேல்தண்ணீரில் படுக்கவைத்து, சத்தமில்லாமல் அள்ளினார். முப்பத்திரண்டு பேருக்கும் கையில் ஊற்றினார்.

அப்போது நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். வன்னியில் அப்பா முதல் கிணறு வெட்டினார். தண்ணீர் கண்ட இடத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார், இன்னும் தோண்டினால் உப்பு வரும் என்று. ஆடியில் கிணறு வற்றியது. பக்கத்துக் காணிக்காரர் வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர். "அண்ணை, கடல் இஞ்சையிருந்து எவ்வளவு தூரம் எண்டு தெரியுமோ? பயப்பிடாமல் தோண்டுங்கோ" என்றார். அப்பா தோண்டினார். ஆனால் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தோண்டினார். முப்பதடி வரை நக்கிக்கொண்டே போனார். அக்காவுக்கு இந்தக் கதை தெரியாது. அவர் அங்கே இல்லையே. நிறையச் சிரித்தார்.

பிறகு அக்காவும் ரீச்சரும் குசினிப் பக்கம் போனார்கள். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பிள்ளைகளே சமைக்கவேண்டும் என்பது பாடம். கிணற்றடியில் நானும் பத்துப் பன்னிரண்டு பொடியன்களும் நின்றோம். வெயில். ஒருவன் "ஐயா, முகம் கழுவலாமோ?" என்றான். துளசியின் கடகத்து வாளி பக்கத்தில் இருந்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அவன் அதைத் தொம்மென்று விட்டு இழுத்தான். முகம் கழுவியவன் தலையை நனைத்தான். மற்றவனும் தலையைக் கொடுத்தான். நான் வாளியை வாங்கி ஊற்றத் தொடங்கினேன். முப்பதடிக் கிணற்றில் எழுபது வருடம் அள்ளிய கை, கணக்குப் பார்க்கவில்லை. எல்லோரும் குளித்தார்கள். நானும் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டேன்.

கிணற்றிலிருந்து பிள்ளைகள் அள்ளிவந்த தண்ணீரில் பதினொன்றரைக்கு மீன்குழம்பு கொதித்தது. துளசி அகப்பையால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆச்சி, குழம்புக்கு உப்பு நீங்கள் போட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் போடேல்லை."

"அப்ப ஆரோ போட்டிருக்கினம். உப்புக் கூடிப்போச்சு."

அக்கா குழம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்கு வந்தார். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். ஈரத் தலைகளைப் பார்த்தார். கடைசியாக என் தலையைப் பார்த்தார்.

"எத்தினை வாளி அள்ளினனியள்?"

"எண்ணேல்லை அக்கா."

"இந்தத் தண்ணி குடிச்சு வளந்தனியடா நீ."

கிணற்றுக் கட்டின்மேல் இருந்துவிட்டார். ரீச்சர் வந்து மன்னிப்புக் கேட்டார். அக்கா அவருடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். "நீங்கள் என்ன செய்வியள் பிள்ளை. வன்னித் தண்ணி இவனுக்கு எல்லாத்தையும் மறக்கப் பண்ணிப்போட்டுது."

"இனி என்ன செய்யிறது ஆச்சி?" என்று துளசி கேட்டாள். வாளி அவளுடையது. கண் கலங்கி நின்றாள்.

"ஒண்டும் செய்யக்கூடாது. உப்பேறின கிணத்தைத் தொடப்படாது. மழை வருமட்டும் படுத்திருக்க வேணும். ஒரு சிரட்டை கூட அள்ளேலாது."

"அப்ப ஆச்சி இஞ்சை என்ன செய்வியள்?"

"பைப்படியிலை வரிசையிலை நிப்பன்."

துளசி யோசித்தாள். "கிணறு படுத்திருக்கும் மட்டும் நீங்கள் எங்களோடை வந்து இருக்கலாமே? பாக்கிறதுக்கு ஒண்டுமில்லையே."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உன்ரை வேலையோ இது?"

"சத்தியமா இல்லை அக்கா. நான் வாயே திறக்கேல்லை."

"வாய் திறக்கேல்லை. வாளியைத் திறந்து விட்டிருக்கிறாய்."

குழம்பைத் தேங்காய்ப்பால் விட்டு ஒருவாறு சரிசெய்தார். எல்லோரும் சாப்பிட்டோம். ஒன்றேகாலுக்கு எழும்பி உள்ளே போனவர், பயணப்பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். மழை வருமட்டும்தான் என்றார். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏலாது ஆச்சி. ஒரு கடகம்தான். அதுதான் சட்டம்."

"ஆரின்ரை சட்டம்?"

ரீச்சரைக் காட்டினார்கள். ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓம், அப்பிடித்தான்" என்றார். துளசி தன் கடகத்தைக் கொட்டி வெறுமையாக்கிக் கொடுத்தாள். அக்கா சேலைகளை வைத்தார், மருந்துகளை வைத்தார், பனம்பழத்தில் செய்த பனாட்டு ஒரு சுற்று வைத்தார், அத்தானின் படத்தை வைத்தார். கடகம் நிரம்பிவிட்டது. பிறகு போய்ப் பட்டையையும் கயிற்றையும் எடுத்து வந்தார். அதற்கு இடமில்லை. கொஞ்சம் நின்று பார்த்தார். இரண்டு சேலையை வெளியே எடுத்துப் போட்டார்.

"அங்கை மோட்டர் இருக்கு அக்கா. பட்டை தேவையில்லை" என்றேன்.

"உன்னைக் கேட்டனானோ?"

வீட்டுத் திறப்பை முன்வீட்டு அந்தோனித் தம்பியிடம் கொடுத்தோம். அவர் கடற்தொழில் செய்பவர். கிணற்றுக்கு மேல் ஓலை போட்டு மூடுவதாகவும், மழை வந்து தண்ணீர் இனித்ததும் எனக்குப் போன் எடுப்பதாகவும் சொன்னார். இரண்டரைக்குப் படகு. பிள்ளைகள் அக்காவை நடுவில் இருத்தி வந்தார்கள். தீவு சிறிதாகும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிறிதான பிறகு ஒரு தரம் பார்த்தார். திரும்பும் வழியில் சாட்டியில் அரை மணித்தியாலம் கடலில் குளிக்க விட்டோம். அங்கே எத்தனை வாளி அள்ளினாலும் ஒருவரும் ஏசமாட்டார்கள் என்றார் அக்கா. இரவு எட்டுக்கு வீடு.

மாணவரைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஆடி, ஆவணியில் கடல் நம்பிக்கையில்லை, புரட்டாதியும் மாசிக்குப் பின்னும் நல்லது. படகு நேரங்களை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பும் படகைத் தவறவிட்டால் தங்க இடம் தேடவேண்டும். குடிதண்ணீரைக் கரையிலிருந்து கொண்டு போங்கள், தலைக்கு இரண்டு போத்தல். தீவுக் கிணற்றில் வாளி போடாதீர்கள். கடகச் சட்டத்தை விடாதீர்கள். குடியேறப் போனவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்பதைப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். எதையும் விட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை என்பதையும் படிக்கிறார்கள்.

இதை எழுத எனக்கு ஐந்து கிழமை பிடித்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. முந்தநாள் அந்தோனித் தம்பி போன் எடுத்தார், கிணறு இனித்துவிட்டதாம். அக்காவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பட்டை எங்கள் கிணற்றடி ஆணியில் தொங்குகிறது. இரண்டு பாகக் கயிறு எங்கள் தண்ணீருக்கு எட்டாது. இத்தனை நாளும் பைப்பைத் திறந்து, இதுவும் ஒரு தண்ணியோ என்று புறுபுறுத்துக்கொண்டுதான் பிடிக்கிறார்.

வாயால் வராததை இதில் எழுதிவிட்டு, பிழை பார்க்கும்படி இன்று காலை அவரிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவர் அவர்தானே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"பிழை இல்லை. போடு" என்றார்.

எழும்பி வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். மாட்டுக் கொட்டிலில் இருந்த கயிற்றை எடுத்து, பட்டைக் கயிற்றோடு முடிந்து, கிணற்றுக்குள் விட்டு அளந்துகொண்டிருந்தார். போதவில்லை. "தம்பி, இன்னும் ஒரு பாகம் வேணும்" என்று கூப்பிட்டார். கயிறு எடுக்கப் போகிறேன்.