நாலரை மணிக் கப்பலுக்கு ஒரு பாட்டில்

என் பெயர் யூஃபேமியா ரெஜிஸ். எங்கள் தீவில் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுக வாசலைத் தாண்டி மெல்வில் தெருவுக்கு வந்து, மிஸ் ஃபீமி கடை எது என்று யாரிடம் கேட்டாலும் கையை நீட்டுவார்கள். கேட்கவும் வேண்டியதில்லை. மஞ்சள் பலகையில் என் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. வர்ணக்காரன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் அதைக் கண்டுபிடித்து மறுபடி எழுத வைத்தேன்.

பதினாலு வயதில் கிரென்வில்லில் ஒரு சாராயக் கடையில் பாட்டில் கழுவினேன். பதினெட்டில் தலையில் தட்டோடு கப்பல்காரர்களுக்கு ஜாதிக்காய் விற்றேன். போலீஸ்காரன் விரட்டினால் ஓடுவேன், அவன் சாப்பிடப் போனதும் அதே இடத்தில் வந்து நிற்பேன். இன்று எனக்குத் தகரக் கூரை போட்ட கடை இருக்கிறது, மேட்டில் கல் கட்டிய வீடு இருக்கிறது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரும் பசியோடு படுத்ததில்லை. ஒருவனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

எல்லாம் ரம் கொடுத்தது. ஆலையிலிருந்து வரும் வெள்ளை ரம் யார் கடையிலும் கிடைக்கும். நான் விற்பது மேசையடி ரம். பட்டையும் கிராம்பும் இன்னும் சிலதும் போட்டு, ஜாடியில் மூடி, மேசைக்குக் கீழே நாற்பது நாள் வைத்து எடுப்பது. இந்தத் தெருவில் ஏழு பேர் அதைச் செய்கிறார்கள். ஆறு பேருடையதைக் குடித்தால் தொண்டை எரியும். என்னுடையது பட்டுத் துணி மாதிரி இறங்கும். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதாவது, போன மார்ச் மாதம் வரைக்கும்.

அன்று கப்பல் ஒன்றுதான், ஆனால் மூவாயிரம் பேர் இறங்கியிருந்தார்கள். நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், ஐந்துக்குக் கயிற்றை அவிழ்ப்பார்கள். இரண்டரை இருக்கும். வெயிலில் மூக்கு சிவந்த ஒரு வெள்ளைக்காரர், கழுத்தில் ஜாதிக்காய் மாலையோடு என் கடை முன்னால் நின்றார். வயது அறுபத்தைந்துக்கு மேல்.

"நீங்கதான் மிஸ் ஃபீமியா?"

"பலகையில எழுதியிருக்கே ராசா. எனக்கே படிக்க வருது, உனக்கு வரலையா?"

சிரித்தார். "என் பேர் வால்டர். டொரண்டோவில டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவன். உங்க தம்பி அன்செல்ம் இருக்காரே, அவருக்குப் பக்கத்து வீடு."

பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயரை என் எதிரில் யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை.

"உயிரோட இருக்கானா?"

"இருக்கார். நெஞ்சை ரெண்டு தடவை பிளந்து தச்சிருக்காங்க. கப்பல் உங்க ஊருக்கும் போகுதுன்னு சொன்னேன். மூணு நாள் வாயே திறக்கல. கிளம்புற அன்னைக்குக் கதவைத் தட்டி, 'ஃபீமி கையால ஒரு பாட்டில்'னார். வேற ஒரு வார்த்தை இல்லை."

"அவன் குடிக்கலாமா?"

"கூடவே கூடாது. முகர்ந்து பாக்கணுமாம். நாக்கில ஒரு சொட்டு வைக்கணுமாம்."

எங்கள் சண்டையை இந்த ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான். அன்செல்ம் டொரண்டோவில் மேசையடி ரம் செய்து நம் ஊர்க்காரர்களுக்கு விற்கலாம் என்று பக்குவம் கேட்டான். கூடப் பிறந்தவன் கேட்கிறான், சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தலையில் தட்டு சுமந்து நான் கண்டுபிடித்தது அது, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு என்று நினைத்தேன். அவன் ஆறு ஜாடி போட்டான். நாற்பது நாள் கழித்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு ஊற்றினான். ஒருவன் விடாமல் துப்பிவிட்டுச் சிரித்தார்களாம். அன்றே போன் செய்தான். "எதை மறைச்ச?" என்றான். "ஒண்ணுமில்லை, உனக்குக் கைராசி இல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. யாருக்காவது வணங்கிப் போயிருந்தால் நான் இந்தக் கடையைக் கட்டியிருப்பேனா?

இருக்கிறதிலேயே பழைய ஜாடியிலிருந்து பிடித்து மெழுகு வைத்த பாட்டில் ஒன்று பின்னால் இருந்தது. எடுத்தேன். திறக்காமல் அப்படியே கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் எங்களில் இரத்த உறவுக்கு ரம் கொடுத்தால், திறந்து முதல் சொட்டைச் செத்துப்போனவர்களுக்கு மண்ணில் விடாமல் கொடுப்பதில்லை. மெழுகை உடைத்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் விட்டேன். நான் ஒரு வாய் குடித்தேன், வால்டருக்கு ஒரு வாய் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே" என்றார். கார்க்கை அடித்துச் சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்தேன்.

மூன்றரைக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"எடுத்துட்டாங்க, மிஸ் ஃபீமி."

"யாரு எடுத்தா?"

"கப்பல் படிக்கட்டுக்கிட்ட ஒரு அதிகாரி. திறந்த பாட்டில் ஏறக்கூடாதாம். முகர்ந்து பாத்தான், முகத்தைச் சுளிச்சான், கடல்ல ஊத்திட்டான். எனக்குப் பின்னால நின்னவங்க பையிலேயும் உங்க பாட்டில் இருந்துச்சு. மெழுகு வச்சதையும் விடல. ஆலை மூடி, அச்சடிச்ச சீட்டு இருந்தாத்தான் உண்டுன்னான்."

முப்பது வருஷமாக என் மெழுகு பாட்டில்கள் அந்தப் படிக்கட்டில் ஏறியிருக்கின்றன. யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்ததில்லை. ஒன்றைத் திறந்து வாசனையைக் கிளப்பி, அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். மணிக்கூண்டைப் பார்த்தேன், கப்பலைப் பார்த்தேன், மறுபடி மணிக்கூண்டைப் பார்த்தேன்.

எதிர்க் கடை ஒடெட்டுக்குக் காது இரண்டு மைல் நீளம். "என்ன ஃபீமி, ராணியம்மாவோட சரக்கையே திருப்பி அனுப்பிட்டாங்களாமே? மூடி போட்ட பாட்டில் வேணும்னா எங்கிட்ட இருக்கு, வெக்கப்படாம கேளு!"

ஆலை மூடி போட்ட பாட்டில் நான் விற்பதில்லை, வேறு வழி இல்லை. தெருவைத் தாண்டிப் போய் ஒடெட்டிடம் மூடி போட்ட வெள்ளை ரம் ஒன்று வாங்கினேன். என் வாழ்நாளில் முதல் தடவை. "இரு, இரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள். எடுத்தாள் பாவி.

திரும்பி வந்து ஒரு துணிப் பையை விரித்தேன். காய்ந்த சாமானுக்குக் கப்பலில் தடை இல்லை. கசக்கும் மாபிப் பட்டை ஒரு சாண், இலவங்கப்பட்டை இரண்டு, கிராம்பு பத்து, ஜாதிக்காய் ஒன்றைத் தட்டி, அதன் சிவப்புப் பத்திரி கொஞ்சம், காய்ந்த இஞ்சி, ஒரு கை வேர்க்கடலை, ஒரு கை திராட்சை. ஒவ்வொன்றாகப் பையில் போட்டபடி சொன்னேன். வால்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"கண்ணாடி ஜாடியில போட்டு இந்த ரம்மை ஊத்தி, வெயில் படாம நாற்பது நாள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் நோட்டை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க. ஒருவேளை அவ பக்குவம் சொன்னா, சொல்லி முடிச்சப்புறம் இன்னொரு தடவை கேளுன்னு அன்செல்ம் சொன்னார். அதான் கேக்கறேன். அவ்வளவுதானா?"

எதிரே ஒடெட் துடைப்பத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். நாக்கு பழகின வழியிலேயே போனது.

"அதான் சொன்னேனே. அவ்வளவுதான். கிளம்புங்க, நேரமாச்சு."

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குப் போனார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். துடைத்த பாட்டில்களையே திரும்பத் துடைத்தேன். ஒரு பெண் ஜாதிக்காய் விலை கேட்டாள், என்ன சொன்னேன் என்று நினைவில்லை, போய்விட்டாள். தச்ச நெஞ்சோடு ஒருவன் ஒவ்வொரு நாளாகத் தேதியைக் கிழித்து நாற்பது நாள் உட்கார்ந்திருப்பான். நாற்பதாம் நாள் ஒரு சொட்டை நாக்கில் வைப்பான். அது எரியும். அந்த நிமிஷம் அவனுக்குத் தெரிந்துவிடும், அக்கா இரண்டாம் தடவையும் அதையே செய்தாள் என்று. மூன்றாம் தடவை கேட்க அவன் இருப்பானோ மாட்டானோ.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எழுபத்து மூன்று வயதில், ரப்பர் செருப்போடு. டாக்சிக்காரர்கள் யாரோ திருடினான் என்று நினைத்துக் கூடவே எழுந்தார்கள்.

வாசலில் காவலுக்கு நின்றவன் கர்ட்வின். மீசை நரைக்க ஆரம்பித்தவன், ஆனாலும் என்னை டான்டி, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவான், என் முன்னால் குரல் எழும்பாது.

"டான்டி, உள்ள போகக்கூடாது. அட்டை இருந்தாத்தான்."

"அதோ போறாரே, கழுத்தில மாலை, அவரைக் கூப்பிடு!"

வால்டர் கப்பலுக்குப் போகும் பாலத்தின் பாதியைத் தாண்டியிருந்தார். கையில் என் துணிப் பை ஆடியது. நான் கத்தினேன். கப்பல் ஊதியது. மறுபடி கத்தினேன், காற்று என் சத்தத்தை ஊருக்குள்ளேயே திருப்பி அடித்தது. பிந்தி வருபவர்களை அவசரப்படுத்த கர்ட்வின் தோளில் ஒரு கை ஒலிபெருக்கி தொங்கியது. பிடுங்கினேன்.

"டான்டி! அது அரசாங்கத்துது!"

"நான் கட்டற வரியில வாங்கினதுதான், விடு!"

பொத்தானை அழுத்தினேன். பின்னால் தெருவே திரும்பி நிற்பது தெரிந்தது. ஆறு ரம் கடை, இருபது டாக்சி, எல்லாருக்கும் முன்னால் ஒடெட்.

"வால்டர்! சிரட்டை! தேங்காய்ச் சிரட்டை! அதைச் சுடணும்! சுட்டுத் தண்ணியில அணைச்சு, நல்லா காய வச்சு, ஒரு துண்டு ஜாடியில போடணும்! அன்செல்ம்கிட்ட சொல்லுங்க! அதைத்தான் அன்னைக்கும் மறைச்சேன்னு சொல்லுங்க!"

ரம்மின் எரிச்சலை எடுக்கும், உள்ளே கருக்கிய பீப்பாய் வாங்க வக்கில்லாத காலத்தில், கரி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, ஏழெட்டு ஜாடியைப் பாழாக்கி நான் கண்டுபிடித்தது. ஐம்பது வருஷம் என் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாதது. என் குரல் மலை வரைக்கும் போய் எதிரொலித்தது.

வால்டர் நின்றார். திரும்பினார். பையைக் கீழே வைத்து நோட்டை எடுத்தார், முழங்காலில் வைத்து எழுதினார். பிறகு நோட்டைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிவிட்டு ஏறிப் போனார்.

ஒரு வாரம்தான். ஒடெட் கடைக்குப் பின்னால் சிரட்டை மலையாகக் குவிந்தது. டாக்சிக்காரர்கள் இப்போது என்னை மிஸ் சிரட்டை என்கிறார்கள். "குருவே, எத்தனை நிமிஷம் சுடணும்?" என்று ஒடெட் தெருவில் நின்று கேட்கிறாள். கேட்கட்டும். அவளுடையதை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முன்பைவிட நன்றாக இருக்கிறது. என்னுடையது மாதிரி இல்லை.

எனக்கு அது பெரிதில்லை. அடுத்தடுத்து இரண்டு கப்பல் வந்து போயிற்று. மூன்று வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். கடைப் பிள்ளைகள் கேலி செய்யும் அளவுக்கு அதைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஒரு புதன்கிழமை, கப்பல் இல்லாத நாள், காலையில் அடித்தது.

"மிஸ் ஃபீமி, வால்டர் பேசறேன். நேத்துத்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டாங்க. தான் வராம ஜாடி போடக்கூடாதுன்னுட்டார். இப்ப பால்கனியில கறி சுடற அடுப்பில சிரட்டை கிடக்கு. எவ்வளவு நேரம்..."

பின்னால் ஒரு இருமல். அதற்கும் பின்னால் ஒரு குரல். "இந்தத் தடவையாவது ஒழுங்கா சொல்லச் சொல்லு! எவ்வளவு கறுப்பாகணும்னு கேளு!"

குரல் பாதியாகியிருந்தது. திமிர் முழுசாக இருந்தது.

"வால்டர், அவனுக்கு வாய் இல்லையான்னு கேளுங்க."

"உங்களுக்கு வாய் இல்லையான்னு கேக்கறாங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு காதருகில் ஒரு மூச்சு, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

"ஃபீமி."

"ம்."

"எவ்வளவு கறுப்பு?"

"நிறத்தைப் பாக்காத. தணல் மாதிரி சிவந்ததும் எடு, தண்ணியில போடு. அப்புறம் கரண்டியால தட்டு. மணி மாதிரி கேக்கணும். மணி கேக்கலைன்னா வேகல."

தண்ணீரில் சுறுசுறுவென்றது. கொஞ்ச நேரம் கழித்து அவன் போனுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினான். டொக். டொக்.

"கேட்டுச்சா?"

"வேகல. வேற துண்டு போடு."

"கை சுடுதுடி."

"சுடட்டும். போனை வச்சிடாத, நான் இங்கேயே இருக்கேன்."