பீடப் பலகையில் விழுந்த புள்ளிகள்

பெனடிக்ற் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி ஹவுன்ஸ்லோ பஸ்ஸில் இருக்கும்போது வந்தது. “அப்பா காலமை போயிட்டார், அங்கிள்” என்றாள் அவருடைய மகள், போனில். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இனி வெளியே வராது என்ற நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டே நமது கோயில் சனம் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

அவரைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். மன்னார்க்காரர், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. லீவு நாட்களில் அவருடைய கராஜில் இருவரும் மரம் செதுக்குவோம். உருவம் செதுக்குவது நான். அதற்கு முன்னால், தடித்த பலகையில் உருவத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத மரத்தை எடுப்பது அவர். ஒருமுறை அந்த வேலையை நான் சின்ன உளியால் சுரண்டத் தொடங்க, “என்ன, பலகைக்குக் காது குடையிறீரோ?” என்று சிரித்தார். ட்ரில்லால் நெருக்கமாக வரிசை வரிசையாய் ஓட்டை போட்டார். பிறகு அகல உளியை வைத்து அடித்தார். மரம் கட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. “போக வேண்டிய மரத்தில அன்பு வைக்காதையும்” என்றார். எனக்கு இரண்டு நாள் எடுக்கும் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது.

ஆனால் கண்டபடி ஓட்டை போடுகிறவர் இல்லை. எவ்வளவு ஆழம் போகலாம் என்று ட்ரில் அலகில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றுவார். அலகின் நடுவில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்துதான் அளப்பார். கடைசி ஒரு நூல் கனத்தைக் கை உளிக்கு விடுவார். “ஓட்டை போட்டாப் பிறகு மரம் திரும்பி வளராது” என்பது அவர் அடிக்கடி சொல்வது.

நமது கோயில் பீடத்தின் முகப்புப் பலகை, படகில் மாதா நிற்கும் அந்த ஓக் பலகை, நினைவிருக்கும். ஒரு சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட். திருநாள் நெருங்கியதால் நானே ட்ரில்லை எடுத்தேன். கூர்முனையை மறந்து, அதற்கு மேலே மரத்தை வெட்டும் விளிம்பிலிருந்து அளந்துவிட்டேன். மரத்தைத் தட்டி எடுத்துப் பார்த்தால் மாதாவைச் சுற்றி, கூர்முனை ஆழமாய் இறங்கிய இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். புள்ளிகள் மறையும்வரை தளத்தை இன்னும் தாழ்த்த நாளில்லை. மறுநாள் வந்த அண்ணை ஒரு வார்த்தை ஏசவில்லை. மரத்தூளையும் பசையையும் குழைத்து ஒவ்வொரு புள்ளியாக அடைத்தார். வார்னிஷ் பூசியதும் அவை கறுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தன.

கோயில் சபையார் பார்க்க வந்தார்கள். தலைவர் புள்ளிகளைத் தடவி, “ஓட்டை போடுறது பெனடிக்ற் தானே?” என்றார். அண்ணை என்னைப் பார்த்தார். ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லி முடிக்கும் நேரம் பார்த்திருப்பார். நான் குனிந்து, கூட்டித் துப்புரவாக இருந்த நிலத்தைத் திரும்பவும் கூட்டினேன்.

அவர்கள் போன பிறகு, “நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அடுத்து வந்த சிலுவைப் பாதைப் பலகைகளை, பெனடிக்ற் கை வைக்கக் கூடாது என்ற பேச்சோடு எனக்குத் தந்தார்கள். ஓம் என்றேன். திருநாளன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். பின்வரிசையிலிருந்து அவரும் கைதட்டினார். அந்தக் கோழைத்தனத்துக்கு என்னிடம் இன்றுவரை ஒரு சாட்டும் இல்லை.

செத்தவீட்டில் அவருடைய மனைவி றீற்றா அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “தம்பி, இவர் அந்தப் பலகையைப் பழுதாக்கினாப் பிறகும் நீங்கள் இவரைக் கைவிடேல்லை. அதை நான் மறக்கமாட்டன்.”

கட்டின மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. நான் அங்கேயும், அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “பரவாயில்லை அக்கா” என்றேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய நல்ல பெயர். உயிரோடு இருக்கும்போது அதை அவரிடம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. றீற்றா அக்கா, உங்களிடம் தருகிறேன். அந்த ஓட்டைகளைப் போட்டது நான்.