மஞ்சள் தண்ணீர் குடித்த கிட்டார்

குரல் போன பிறகுதான் நான் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தேன். அதற்கு முன் பத்து வருடம் சித்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியது மாதிரி ஆகிவிட்டது. டாக்டர், பேசலாம் என்றார். பாடலாமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டார். மேடையில் ஓர் இடம் காலி. பத்து வருடம் பாடினவளுக்குச் சுருதி தெரியாதா, தாளம் தெரியாதா, நாலு கம்பிதானே என்று வீம்பாக இறங்கினேன். திருப்பதியில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பும் அவசரத்தில் இருந்த ஒரு மாணவரிடம் பழைய கிட்டார் ஒன்று கிடைத்தது. இருப்பதிலேயே மலிவான ரகம். பகலில் மாம்பழக் கூழ் கம்பெனியில் டின்களுக்கு லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை, சாயந்திரம் கிட்டார். விரல் நுனி காய்த்துப்போய், ஒரு வருடத்தில் மேடை ஏறினேன். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு இடம்தான். அதை விட்டால் நான் வெறும் டின் பார்க்கிறவள்.

மூன்றாவது வருடம் கிட்டார் இரைய ஆரம்பித்தது. வாசிக்கும்போது தெரியாது. பாட்டு நடுவில் எல்லா வாத்தியமும் ஓயும் இடத்தில், என் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மட்டும் ஙொய்யென்று ஒரு சத்தம் வரும். நான் எல்லோரையும் திட்டினேன். மண்டபத்துக் கரண்டைத் திட்டினேன், மைக் செட்காரரைத் திட்டினேன், கிட்டாரை எனக்கு விற்ற அந்தப் புண்ணியவானைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

தை மாதம் ஒரு கச்சேரி முடிந்ததும் குழுவின் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். நல்ல மனிதர், ஆனால் கறாரானவர்.

"அம்மா, பாட்டு நிக்கிற எடத்துல உங்க பாக்ஸுலர்ந்து ஈ மொய்க்கிற மாதிரி வந்துக்கினே கீது. பொண்ணு ஊட்டுக்காரங்க கேக்கறாங்க. வர்ற ஞாயித்துக்கெழமை திருப்பதி ரிசப்ஷன்ல ஒருதரம் பாக்கலாம். அப்பவும் இப்பிடியே இருந்தா, கீபோர்டுலயே லெஃப்ட் ஹேண்டுல பேஸ் போட்டுக்கறோம். தப்புகா அனுகோகண்டி."

தப்பாக நினைக்காதீர்கள் என்பதை மட்டும் தெலுங்கில் சொன்னார். கெட்ட சேதியைத் தெலுங்கில் முடித்தால் வலிக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பேஸ் கிட்டார் வாசிக்கும் எல்லோருக்கும் உள்ள பயம் இது. கீபோர்டுக்காரருக்கு இரண்டு கை இருக்கிறது. வலது கையில் பாட்டு, இடது கையில் எங்கள் வேலை. இடது கை சம்பளம் கேட்காது, வண்டியில் இடமும் கேட்காது.

புதுக் கிட்டார் வாங்க எனக்கு வழியில்லை. இருப்பதைத்தான் சரி செய்தாக வேண்டும், அதுவும் ஆறு நாளில். இணையத்தில் கிடைத்த வீடியோக்களையெல்லாம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கம்பிகளிலிருந்து தொடங்கினேன். புதுக் கம்பி விலை எனக்குக் கட்டுப்படியாகாது. பழையதைக் கழற்றிச் சுருட்டி இட்லிப் பானையில் போட்டு வேக வைத்தேன். மூன்று வருட வியர்வையும் அழுக்கும் வெளியே வந்து தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. நைனா எட்டிப் பார்த்தார். நைனா என்றால் என் அப்பா. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"இன்னா கண்ணு, நூடுல்ஸா?"

"கிட்டார் கம்பி நைனா."

"அந்தப் பானையில இனிமே நான் இட்லி துன்னணுமா?"

துடைத்துக் காய வைத்து மாட்டினேன். சத்தம் தலைக்குக் குளித்துவிட்டு வந்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. இரைச்சலும் அதைவிடப் பளிச்சென்று கேட்டது.

செவ்வாய்க்கிழமை தெருமுனை டூ வீலர் மெக்கானிக்கிடம் ஆலன் கீ என்கிற ஆறுபட்டைச் சாவி ஒன்றை இரவல் வாங்கினேன். கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதைக் கால் சுற்று திருகினால் கழுத்தின் வளைவு நிமிரும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். கம்பிகள் கட்டையில் உரசிக் கரகரத்தது நின்றது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கம்பிகளின் அடியில், அவை முடியும் இடத்தில் செருகினேன். ஒவ்வொரு சுரமும் இழுபடாமல், தும் தும்மென்று பழைய ரெக்கார்டுகளில் கேட்கிற மாதிரி விழுந்தது. எனக்கே என்மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் கையை எடுத்தால் அதே ஙொய்.

புதன்கிழமைதான் நோயைக் கண்டுபிடித்தேன். கம்பிகளைத் தொட்டேன், இரைச்சல் மாறவில்லை. ஒயரைச் செருகும் இரும்புத் தகட்டைத் தொட்டேன், சட்டென்று நின்றது. விரலை எடுத்தால் மறுபடி வந்தது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நைனா தலை நிமிர்த்தினார்.

"எர்த்து உட்டுப்போச்சு கண்ணு. பஸ்ஸுல இப்பிடித்தான், பாடி எர்த்து உட்டா லைட்டெல்லாம் மினுக்கு மினுக்குனும். தொறந்து பாரு."

கிட்டாரைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே முழுக்க மஞ்சள். குழிவு ஓரமெல்லாம் காய்ந்த மஞ்சள் பொருக்கு, அதன்மேல் குங்குமம், சந்தனக் கட்டி. கம்பிகளைத் தாங்கும் இரும்பிலிருந்து உள்ளே வரும் மெல்லிய ஒயர் பச்சை பூத்து, தொட்டதும் என் விரலோடு வந்துவிட்டது.

ஆயுத பூஜை. டிரைவர் வீட்டில் அது தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை. முப்பது வருடம் நைனா தன் பஸ்ஸைத் தலை முதல் கால் வரை கழுவி, பொட்டு வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினவர். ஓய்வு பெற்றதும் பஸ் போய்விட்டது. மகளின் கிட்டார் வந்தது. மூன்று வருடமும் அதைப் பலகையில் படுக்க வைத்து, திருகு ஒன்று விடாமல் சந்தனம் வைத்து, மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்திருக்கிறார். அவ்வளவும் சந்து வழியே உள்ளே இறங்கியிருக்கிறது.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாந்தான் கெடுத்துட்டேனா கண்ணு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் முந்திக்கொண்டது.

"ஆமா, நீதான். இது இன்னா பஸ்ஸா நைனா, தண்ணி ஊத்தறதுக்கு? ஞாயித்துக்கெழம என்ன எறக்கி உட்டா உனுக்கு சந்தோஷமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமும் அந்தப் பூஜையில் நானும் நின்றேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொட்டு வைத்த கிட்டாரைப் போட்டோ எடுத்துக் குழுவினருக்கெல்லாம் அனுப்பினேன். பழியை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்க் கூப்பிடக்கூட வெட்கமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போயிருக்கிறார். ஒரு முழம் செப்பு ஒயரும் கொஞ்சம் ஈயமும் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து, என் கையில் தராமல் நாற்காலியில் வைத்தார்.

பழைய பிரஷ்ஷால் பொருக்கைச் சுரண்டினேன். செல்போன் ரிப்பேர் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைத் திருப்பித் திருப்பிச் சுத்தம் செய்தேன். பார்சல் கட்டும் வெள்ளித் தாளைக் குழிவின் உட்பக்கம் பசை போட்டு ஒட்டினேன். வெளியிலிருந்து வரும் இரைச்சலை அது தடுக்குமாம். அந்தத் தாளில் ஈயம் ஒட்டாது என்பது ஒட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நைனா கொண்டுவந்த ஒயரைக் கம்பிகளைத் தாங்கும் இரும்புக்கும் குமிழின் முதுகுக்கும் இடையே ஈயம் வைத்து இணைத்து, இன்னொரு துண்டின் நுனியைச் சின்னத் திருகாணியால் தாளோடு சேர்த்து இறுக்கினேன். நைனா டார்ச் பிடித்தார். வெளிச்சம் சரியாக விழுந்தது, ஆனால் கையை ஒரு முழம் தள்ளியே வைத்திருந்தார். தினமும் கிட்டாரைத் துணியால் துடைத்து வைப்பவர், அன்றிலிருந்து அதன் பக்கம் போகவில்லை.

ஸ்பீக்கரில் செருகினேன். இரைச்சல் இல்லை. தெருவில் பால்காரர் போகும் சத்தம் கேட்டது. நைனா தலையை ஆட்டிவிட்டுக் காப்பி போடப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கூட வரச் சொன்னேன். திருப்பதிக்குக் குழுவின் வேனிலேயே போய்விடலாம்.

"நான் வாணாம். என் ராசி சரியில்ல. நீ போய் வாசி."

கெஞ்சியும் அசையவில்லை. சரி, போனிலாவது கேட்கட்டும் என்று, மேடை ஏறுவதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் என் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தேன்.

கீபோர்டுக்காரரின் இடது கை கீழ்க்கட்டைகளின் மேல் தயாராக இருந்தது. அவர்மேல் தப்பில்லை, மாஸ்டர் சொல்லியிருப்பார். முதல் இரண்டு பாட்டு வேகமானவை. மூன்றாவது பாட்டில் சரணத்துக்கு முன் எல்லோரும் நிறுத்தும் இடம் வந்தது. கையைக் கம்பிகளிலிருந்து எடுத்தேன். மண்டபத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது தெளிவாகக் கேட்டது. என் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கீபோர்டுக்காரரிடம் கையை எடுத்துவிடச் சொல்லி ஜாடை காட்டினார். அவர் இடது கையை எடுத்துப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த பாதாம் பாலை எடுத்துக் குடித்தார். அந்தப் பாதாம் பால் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

இடைவேளையில் ஓடிப்போய் போனை எடுத்தேன்.

"கேட்டியா நைனா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாட்டு கேட்டுச்சி. தபேலா கேட்டுச்சி. உன்னுது மட்டும் கேக்கவே இல்ல கண்ணு. உன்ன வாசிக்க உடலியா? என்னாலதான..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் பேஸின் தாழ்ந்த சத்தம் எங்கே கேட்கும்? மூன்று வருடம் அதையே வாசிக்கிறவளுக்கு இது தோன்றவில்லை. ஒரு மணி நேரமாக அந்த மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான் இல்லாத கச்சேரியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வாசிச்சேன் நைனா. போனுல கேக்காது. சத்தியமா வாசிச்சேன்."

"என்ன சமாதானம் பண்றதுக்குச் சொல்ற."

என் வார்த்தை அவருக்குப் போதவில்லை. புதன்கிழமை நான் பேசிய பேச்சுக்கு அப்புறம் எப்படிப் போதும்? போனைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்து, என் நைனா, நம்ப மாட்டேங்கறார் என்றேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் வாங்கிப் பேசினார்.

"ஐயா, உங்க பொண்ணுதான் வாசிக்கிறாங்க. நல்லா வாசிக்கிறாங்க. அடுத்த மாசம் பலமனேர் கச்சேரிக்கும் அவங்கதான்." கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்லீங்க, இரைச்சல் கொஞ்சம்கூட இல்ல" என்றார்.

போன் என் கைக்குத் திரும்பியது. என் குரல் ஏற்கெனவே பாதி. அதிலும் பாதிதான் வந்தது.

"நைனா, அன்னிக்கி நான் சொன்னது..."

"அதெல்லாம் அப்பறம்" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "வெச்சுடு. ரெண்டு கையும் கிட்டாருமேலயே இருக்கட்டும்."