சிவப்பு வாட்டர் பாட்டில் யாரிடம் இருந்தது?

கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்த புதிது. தொண்ணூறுகளின் தொடக்கம். கணவருக்கு வேலூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமனார், மாமியார், நான். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் "சாப்டியா", "கொழாயில தண்ணி வந்துச்சா" என்பதற்கு மேல் என்னிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா தன் சைக்கிள் கடையை மதியமே பூட்டிவிட்டு வந்து, "கெளம்புங்க, சினிமாவுக்குப் போலாம்" என்றார். தெருமுனைப் போஸ்டரில் ஒரு பெண் கைகூப்பி நின்றிருந்தாள், பின்னால் ஒரு மலை. அத்தை அதைச் சாமி படம் என்றே முடிவு செய்து, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தார்.

படத்தில் சாமியே இல்லை. புதிதாய்க் கல்யாணமான ஒரு ஜோடியின் ஜீப் காட்டில் கவிழ்கிறது. கணவனுக்குக் கால் ஒடிகிறது. சுற்றிலும் காடு, ஒரு சிறுத்தை. அவ்வளவுதான் கதை. நடித்தவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்தப் பெண் அதே இரட்டை மரத்தைத்தான் தாண்டிக்கொண்டிருந்தாள். மரம் மறுபடியும் வந்தபோது முன்வரிசையில் ஒருவர், "அந்த மரத்தாண்ட ரைட்ல திரும்பும்மா, செங்கம் ரோடு வந்துடும்" என்றார். கொட்டகையே சிரித்தது. சிறுத்தையின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்ததே தவிர, சிறுத்தையைக் காணோம். கடைசியில் வேறு ஏதோ படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிறம் மாறி வந்து, எதிர்ப்பக்கமாக ஓடிப் போய்விட்டது. "அதுக்கு வேற ஷூட்டிங் இருக்குது போல" என்று எங்களுக்குப் பின்னால் ஒரு குரல்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஏறாதம்மா, பாறை வழுக்கும்" என்று அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போதுதான் சண்டை ஆரம்பித்தது. கணவனை ஒரு குகையில் படுக்க வைத்துவிட்டு அவள் உதவி தேடித் தனியாகக் கிளம்பும் காட்சி ஒன்று உண்டு. அவர்களிடம் மிச்சமிருந்தது ஒரு சிவப்பு வாட்டர் பாட்டில், அதில் பாதித் தண்ணீர்.

"இன்னா பொம்பள அவ? கால் ஒடிஞ்சு கெடக்கறவன் தண்ணிய எடுத்துக்கினு போய்ட்டா" என்றார் மாமா.

"யாரு எடுத்துக்கினு போனா? அவன் தலமாட்டுல வச்சுட்டுத்தான் போனா. நான் பாத்தேன்" என்றார் அத்தை.

"தோள்ல தொங்குச்சே. எனக்கு மட்டும் கண்ணு இல்லியா?"

அடுத்த நாளும் ஓயவில்லை. மாமா கடைக்கு வந்தவர்களில் படம் பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் பாதிப் பேர் அவர் கட்சி. அத்தை பால்காரரையும் பூக்காரம்மாவையும் தன் பக்கம் சேர்த்திருந்தார். எங்கள் தெருவில்தான் வருஷாவருஷம் சாமியும் அம்மனும் கோபித்துக்கொள்ளும் திருவூடல் நடக்கும். பக்கத்து வீட்டம்மா சுவர் மேல் எட்டிப் பார்த்து, "சாமிக்கே ஊடல் ஒரு ராத்திரிதான். உங்க வூட்ல இன்னா, முடியவே மாட்டேங்குது?" என்றார்.

அந்த ஞாயிறு கணவருக்கு லீவு கிடைக்காமல் வரவில்லை. திங்கட்கிழமை சாப்பிடும்போது அத்தை சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீயும்தானே பாத்த. நீ சொல்லு, பாட்டில் யாராண்ட இருந்துச்சு?"

அந்த வீட்டில் என்னிடம் ஒரு விஷயத்துக்கு அபிப்பிராயம் கேட்டது அன்றுதான். ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "பாட்டில நான் கவனிக்கலைங்க அத்தை. ஆனா அவ எடுத்துக்கினு போயிருந்தாலும் அது சரிதாங்க. படுத்துக்கினு இருக்கறவனவிட நடக்கறவளுக்குத்தான் தாகம் ஜாஸ்தி. அவ வழியில விழுந்துட்டா ரெண்டு பேரையும் காப்பாத்த ஆளில்ல."

மாமா தரையைத் தட்டினார். "பாத்தியா, மருமக என் கட்சி."

"உங்க கட்சியா? நீங்க அவளத் திட்டுனீங்க. இவ அவ செஞ்சது சரின்றா. இது மூணாவது கட்சி" என்றார் அத்தை. பிறகு என் தட்டைப் பார்த்து, "கட்சித் தலைவிக்கு ரசம் வேணாமா?" என்றார்.

வியாழக்கிழமையோடு படத்தைத் தூக்குகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடியும் போனோம். இந்த முறை பக்கத்து வீட்டம்மாவும் பூக்காரம்மாவும் கூட வந்தார்கள். குகைக் காட்சி வந்ததும் மூச்சுவிடாமல் பார்த்தோம். அவள் பாட்டிலைக் கழற்றிக் கணவன் தலைமாட்டில் வைத்தாள். அத்தை மாமாவின் விலாவில் ஒரு குத்து விட்டார். அடுத்த நொடி அவள் குகைக்கு வெளியே வந்தாள். தோளில் அதே சிவப்பு பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மாமா வாய் திறப்பதற்குள் உள்ளே கணவன் அதே பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தான். இரட்டை மரத்தடியில் உட்கார்ந்து அவளும் குடித்தாள்.

மாமாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"படம் எடுத்தவனுக்கு ஆளுக்கொரு பாட்டில் வாங்க வக்கில்ல. ஆனா ரெண்டு பேரு தாகத்தையும் தீத்துட்டான்யா, நல்ல மனுஷன்" என்றார் மாமா.

இத்தனை கேலிக்குப் பிறகும், கடைசியில் அவள் ஊர் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு குகைக்கு ஓடி வந்து கணவனைத் தொட்டு எழுப்பியபோது கொட்டகையில் சத்தமே இல்லை. அவன் கண் திறந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். "படம் எப்டிம்மா?" என்று மாமா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. வீடு வரை நான் பேச்சை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் கதை சொன்னோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. படமும் ஊரைவிட்டுப் போய்விட்டது. "இருடா, காட்டறேன்" என்று அத்தை கூடத்தில் பாய் விரித்தார். மாமா படுத்து முனகினார். "ஒடிஞ்ச காலு அது இல்ல, இந்தக் காலு" என்று அத்தை திருத்தினார். சிறுத்தைக்கு ஆள் இல்லாததால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். என் முறை வந்ததும் உறுமினேன். கணவர் கையிலிருந்த காபி சட்டையெல்லாம் கொட்டியது.