கரும்பலகையில் அகன்ற காவிரி

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் குத்தாலத்தில் பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடமாக ஐந்தாம் வகுப்புக்கு மலை, சமவெளி, முகத்துவாரம் என்று நடத்துகிறவள் நான். முந்தின நாள் வகுப்பில் ஷாஜிதா எழுந்து, "டீச்சர், ஆறு கடல்ல சேர்ற எடத்த நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஓ, பாத்திருக்கேனே!"

பச்சைப் பொய். முப்பத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத பூம்புகாருக்கு, அடுத்த லீவு, அடுத்த லீவு என்றே எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் போய்ப் பார்த்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மயிலாடுதுறையில் பஸ் மாறினேன். ஆறு கடலில் சேருவதைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். "ஆத்தப் பாக்கவா போறீங்க? குத்தாலத்துல இல்லாத ஆறா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

ஜன்னலோரம் பழைய ஆடிப்பெருக்கு ஞாபகம் வந்தது. வாழை மட்டையில் காதோலை கருகமணி வைத்து ஆற்றில் விடுவோம். "கடலுக்குப் போயிடும்டி" என்பாள் அம்மா. கரை தொட்டு ஓடும் அந்தத் தண்ணீரைப் பார்த்து, ஆறு போகப் போகப் பெருகும் என்று நம்பினேன். கரும்பலகையிலும் கடலோரம் விரியும்படிதான் வரைந்துவந்தேன்.

ஒன்பதரைக்குப் பூம்புகார். கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் முகத்துவாரம் எங்கே என்று கேட்டேன்.

"இதாங்க."

எங்கள் ஊர் ஆற்றில் பாதிகூட இல்லை. கடலைத் தொடவிடாமல் குறுக்கே ஒரு மணல் திட்டு வேறு.

"இவ்ளோதானா?"

"வழி நெடுக வாய்க்கா வாய்க்காலா குடுத்துட்டு வருது. எங்களுக்கு என்ன மிஞ்சும்? மழக்காலத்துல வாங்க, மணல ஒடச்சிட்டுப் போவும்."

சப்பென்று ஆகிவிட்டது. மணலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அப்பாவின் வயலுக்கு மடை திறந்ததும் இந்த ஆற்றிலிருந்துதான். அது மெலிந்ததில் நான் தின்ற சோற்றுக்கும் பங்கு உண்டு.

திங்கட்கிழமை பழைய படத்தை அழித்தேன். கடலை நெருங்க நெருங்க மெலியும் ஆற்றை வரைந்து, அதன் இருபுறமும் வாய்க்கால்களைப் பிரித்துவிட்டேன். கடைசியில் மணல் திட்டு.

"வெள்ளிக்கெழம நான் சொன்னது பொய். முந்தாநாத்துதான் மொத மொதல்ல பாத்தேன்" என்றேன்.

ஷாஜிதா எழுந்தாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல டீச்சர்? அதுக்குத்தானே கேட்டேன்."