துணைக்குப் போன சிட்டம்மாள்

உத்திரமேரூருக்கு வடக்கே, ஏரிக்கரையோரத்துப் பள்ளிக்கூடம் அது. எந்தப் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனாலும் நர்ஸ் மார்த்தாளிடம் அனுப்பிவிடுவார்கள். மார்த்தாள் இருந்தது கரைக்கு அந்தப் பக்கம், பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையில். சின்னப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. துணைக்கு ஒரு பெரிய பிள்ளை போக வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளைக்கு ஊர்த்தெருவிலிருந்து துணை, சேரிப் பிள்ளைக்குச் சேரியிலிருந்து. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை. இருளர் குடிசைப் பிள்ளைகளையும் சேரிக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

ஊர்த்தெருவில் பெரிய பிள்ளைகள் நிறைய. முறை வைத்துப் போனார்கள். சேரியிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்தவள் சிட்டம்மாள் ஒருத்திதான். அவளுக்கு முறை ஏது?

பெரிய வாத்தியார் பஞ்சாட்சரம் வாசலில் நின்று "சிட்டம்மா" என்பார். பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்து போவாள். திரும்பி வரும்போது கரும்பலகை துடைத்திருக்கும்.

வழியில் பிள்ளைகளோடு அவள் பேசும் பேச்சே பாதி மருந்து.

"இன்னாடா, மெய்யா வயித்து வலியா? இல்ல வாய்ப்பாட்டு வலியா?"

"மெய்யா வலிக்குதுக்கா."

"அப்ப இந்த எலந்தப் பயம் உனக்கு வேணாம்."

"கொஞ்சமாத்தான் வலிக்குதுக்கா!"

மார்த்தாள் கட்டுப் போடுகையில் சிட்டம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வாள். ரத்தத்தைப் பார்த்து முகம் திருப்பமாட்டாள். ஒருநாள் மார்த்தாள் சொன்னாள்: "எட்டாவது பாஸ் பண்ணிடு சிட்டம்மா. நர்ஸ் டிரெய்னிங்குக்கு நானே சொல்லி விடுறேன்." அன்றிரவே சிட்டம்மாள் தன் அம்மா முனியம்மாளிடம் அதைச் சொன்னாள். "பாஸாவு, உன்ன களையெடுக்கக் கூப்புடமாட்டேன்" என்றாள் அவள்.

முழுப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சை அன்று சிட்டம்மாள் இரண்டு கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். வெளியே ஒரே அலறல். இருளர் வீட்டு அப்பு, இரண்டாம் வகுப்புப் பையன், ஓடி விழுந்து கல்லில் மண்டையை உடைத்துக்கொண்டான். பஞ்சாட்சரம் வாசலுக்கு வந்தார்.

"சிட்டம்மா, எழுந்திரு."

"சார், பரிச்ச..."

"வந்து எழுதிக்கலாம். நேரம் இருக்கு. போ."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்த தலைகளில் ஒன்றும் நிமிரவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அப்புவை யார் தூக்கிப் போயிருப்பார்கள்?

இடுப்பில் தூக்கிக்கொண்டு கரை மேல் ஓடினாள். தாவணி முழுக்க ரத்தம். மார்த்தாள் தையல் போட ஊசி எடுத்ததும் அப்பு சிட்டம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"போவாதக்கா."

"பரிச்சையாச்சே உனக்கு, ஓடுடி!" என்றாள் மார்த்தாள். சிட்டம்மாள் பையனின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவன் வீறிட்டான். தையல் முடியட்டும் என்று நின்றுவிட்டாள்.

திரும்பி ஓடி வந்தபோது விடைத்தாள்களைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

"நேரம் போச்சே, நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் பஞ்சாட்சரம். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கணக்கில் தவறிவிட்டாள். செய்தி கேட்டு மார்த்தாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். வெயிலில் கூடவே வந்த சிட்டம்மாள் வெளியே சுவரோரம் நின்றாள். உள்ளே பேசியது தெளிவாகக் கேட்டது.

"அவளுக்கு மட்டும் மறுபடி பரீட்சை வைங்க சார்."

"ஒருத்திக்காக எப்படிம்மா வைக்கிறது? அடுத்த வருஷமும் இங்கேயே படிக்கட்டும். சின்னதுங்களுக்கும் ஒரு துணை ஆச்சு."

மார்த்தாள் வெளியே வந்தபோது சுவரோரம் யாரும் இல்லை.

பள்ளி திறந்தது. சிட்டம்மாள் வரவில்லை. பஞ்சாட்சரம் ஆள் அனுப்பினார். அவள் தென்னேரிப் பக்கம் சொர்ணவாரி நெற்பயிரில் அம்மாவோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய வாத்தியார் கூப்புடுறாராம். போயேன்டி, படிப்பு போயிடும்" என்றாள் முனியம்மாள்.

"என்னப் படிக்கவா கூப்புடுறாங்க?"

சிட்டம்மாள் நிமிரவில்லை. பிடுங்கிய கோரையைச் சேற்றில் உதறி, வரப்பில் வீசிவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.