ஜமால் மாட்டிய ரிலே

செல்வி அக்காவின் கையைக் காப்பாற்றியவன் நானல்லன். அந்தக் கையை நசுக்க இருந்தவன் நான்! மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. மாவைத் தட்டையாக்கும் உருளை இயந்திரத்தை, டக் டக்கென்று அடிக்கும் நாற்பது ரிலேக்கள், அதாவது தானியங்கி மின்சுவிட்சுகள், இயக்கிக்கொண்டிருந்தன. அத்தனையையும் கழற்றிவிட்டு, அவற்றின் வேலையை பிஎல்சி என்ற சின்னக் கணினிக்குள் எழுதி வைத்தேன். என்ன திமிர் எனக்கு!

"மிஷின் கதவுக்கு மட்டும் ஒரு ரிலேய விட்டு வை லா. கதவத் திறந்தா அதுவே மோட்டார கட் பண்ணிரும்" என்றான் ஜமால். எங்கள் எலக்ட்ரீஷியன், என் வயதுக்காரன்.

"மியூசியமா வைக்கப் போற?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தேன்.

சோதனை ஓட்டத்தில், கதவு திறந்திருக்கும்போதே உருளையை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 'கதவு மூடியிருக்கிறது' என்று பிஎல்சியை வலுக்கட்டாயமாக நம்பவைத்தேன். அதற்குப் பெயர் ஃபோர்ஸ். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை... மறந்தே போனேன்!

மறுவாரம், அந்த இயந்திரத்தில் வேலை செய்யும் செல்வி அக்கா, நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்து, கதவைத் திறந்து, சிக்கிய மாவை எடுக்கக் கையை நீட்டிவிட்டார். கை படுவதற்குள் உருளை சட்டென்று நின்றது.

என் திரையிலோ, 'கதவு மூடியிருக்கிறது, உருளை ஓடுகிறது'! இயந்திரத்தின் மின்பெட்டியைத் திறந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு பழைய ரிலே. சோதனை முடிந்து நான் கிளம்பிய பிறகு ஜமால் மாட்டியிருக்கிறான். நல்லா இருடா மகராசா!

"புது சிஸ்டம் சூப்பர் லா!" என்றார் மேலாளர். செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தம்பி, உங்க பேருல அர்ச்சனை பண்றேன். என்ன நட்சத்திரம்?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே... திறந்தேன். "சுவாதி" என்றேன்.

ஜமால் பக்கத்தில்தான் நின்றான். அக்கா போனதும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஃபோர்ஸ எடுத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"சரி வா, டீ குடிக்கலாம்."

அதன்பின் அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஏன் எடுக்கவில்லை? கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஜமால், அக்காவின் கையும் என் சோறும் உன்னால் தப்பின! இதை உன்னிடம் சொல்லாமல் ஊராரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே...

வெள்ளிதோறும் சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து அக்கா எனக்குத் திருநீறு கொண்டுவருகிறார். அந்தக் கையாலேயே மடித்துத் தருகிறார். நேற்றும் தந்தார். ஜமால் பார்த்துக்கொண்டிருக்க, வாங்கிப் பூசிக்கொண்டேன்.